பாதி விலையில் கார்! பணம் கட்டும் முன் சோதித்தீர்களா?

"சுங்கத் துறை பறிமுதல் செய்த கார். சந்தை விலையில் பாதிதான். முன்பணம் 500 ரிங்கிட் கட்டினால் போதும், கார் வீடு தேடி வரும்!"

சமூக ஊடகங்களில் இப்படிப்பட்ட விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். மாணவர்களே, நீங்கள் இன்னும் கார் வாங்கும் வயதை எட்டவில்லைதான். ஆனால் அப்பாவோ அண்ணனோ பழைய கார் தேடும்போது, "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்" என்று கைப்பேசியை உங்களிடம்தான் நீட்டுவார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு தப்பும்.

மூளை ஏன் ஏமாறுகிறது?

1975ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் வொர்ச்செலும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய ஆய்வு செய்தனர். சிலருக்குப் பத்து பிஸ்கட் இருந்த ஜாடியிலிருந்தும், வேறு சிலருக்கு இரண்டே பிஸ்கட் இருந்த ஜாடியிலிருந்தும் ஒன்றைச் சுவைக்கக் கொடுத்தனர். இரண்டு ஜாடியிலும் இருந்தது ஒரே வகை பிஸ்கட். இருந்தும், குறைவாக இருந்த ஜாடியின் பிஸ்கட்டையே மக்கள் அதிகம் விரும்பினர்.

"இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், இன்று மாலைக்குள் பணம் போடுங்கள்" என்று விற்பவர் சொல்லும்போது அதே பிஸ்கட் ஜாடியைத்தான் உங்கள் முன் வைக்கிறார்.

முன்பணம் போன பிறகு அடுத்த வலை விரிகிறது. காப்புறுதிக்கு 800, சாலை வரிக்கு 300, லாரிக் கட்டணத்துக்கு 600 என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். "இவ்வளவு கட்டியாயிற்று, இப்போது விட்டால் எல்லாம் போய்விடுமே" என்று மனம் தவிக்கும். உளவியலில் இதை 'மூழ்கிய செலவு' மயக்கம் என்பார்கள். ஆனால் போன பணத்தைப் புதிய பணம் மீட்டுத் தராது. இழப்பைப் பெரிதாக்கத்தான் செய்யும்.

படமும் எண்ணும் சொல்லும் உண்மை

விளம்பரப் படத்தைக் கூகள் லென்ஸில் தேடிப் பாருங்கள். படத்தின் வடிவங்களையும் நிறங்களையும் எண்களாக மாற்றி, அவற்றோடு ஒத்துப்போகும் படங்களை அது தேடித் தரும். அதே கார் வேறொரு நாட்டில், வேறொருவர் பெயரில் விற்பனைக்கு நிற்கிறது என்றால் கதை முடிந்தது.

அடுத்து, 'கெரான்' எனப்படும் வாகன உரிமைச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணைக் கவனியுங்கள். இந்நாட்டில் தயாராகும் கார்களில் அது 17 இலக்கங்கள் கொண்டது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பாதிருக்க ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் இடம்பெறுவதில்லை. முதல் மூன்று இலக்கங்கள் தயாரிப்பாளரைக் காட்டும்: புரோட்டோனுக்குப் பொதுவாக 'பிஎல்1', பெரோடுவாவுக்கு 'பிஎம்2'. விளம்பரத்தில் புரோட்டோன், சான்றில் 'பிஎம்2' என்றால் எங்கோ இடிக்கிறது. ஜப்பானிலிருந்து வரும் ரீகான் கார்கள் பலவற்றில் இதைவிடக் குறுகிய எண் இருக்கும். அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

எண் சரியாக இருப்பதாலேயே விற்பவரும் சரியானவர் என்று சொல்லிவிட முடியாது. உண்மையான சான்றின் படத்தைத் திருடிப் போடுவது எளிது. காரை நேரில் பார்த்து, அதன் உடலில் பொறித்த எண்ணைச் சான்றோடு ஒப்பிடுவதே உறுதியான வழி. நேரில் காட்ட மறுப்பவரிடம் ஒரு சென்னும் கொடுக்கக் கூடாது.

பணம் யார் கணக்குக்குப் போகிறது?

கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் சரிபாருங்கள். அவற்றின் மீது போலீஸ் புகார் இருந்தால் அது காட்டும். புகார் எதுவும் இல்லை என்று வந்தாலும் நிம்மதி கொள்ளாதீர்கள். இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்பதுதான் அதன் பொருள். அந்தக் கணக்கில் முதலில் ஏமாறுபவர் நீங்களாகவே இருக்கலாம். கார் நிறுவனம் என்று சொல்லிவிட்டுத் தனிநபர் கணக்கில் பணம் போடச் சொல்வதும் அபாய அறிகுறியே.

அந்தத் தனிநபர் பெரும்பாலும் மோசடிக்காரர் அல்லர். சிறு தொகைக்காகத் தம் வங்கி அட்டையை யாரிடமோ கொடுத்தவராக இருப்பார். "உன் ஏடிஎம் அட்டையைக் கொடு, மாதம் 200 ரிங்கிட் தருகிறேன்" என்று உங்களிடம் யாராவது கேட்டால் உடனே மறுத்துவிடுங்கள். அதற்கு உடன்படுவது குற்றம்.

ஏமாந்துவிட்டால்?

மோசடிக் கும்பல் பணத்தை ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குச் சில நிமிடங்களில் சிதறடித்துவிடும். எனவே உடனே 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் எண் அது. காவல்துறையும் பேங்க் நெகாராவும் வங்கிகளும் அங்கே இணைந்து செயல்பட்டு, பணம் போகும் பாதையை மறிக்க முயல்கின்றன. வங்கியின் அவசர எண்ணுக்கும் அழையுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். உரையாடல்களையும் ரசீதுகளையும் அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள்.

வீட்டில் ஒருவர் ஏமாந்துவிட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். திட்டு விழும் என்று அஞ்சி அவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம். முதலில் 997க்கு அழையுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.