அம்மா சொன்னபடியே செஞ்சும் பருப்பு வேகலையா? ரூமில் சமைக்கும் மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

காலேஜ் முடிஞ்சு மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து, தாம்பரத்திலோ பொத்தேரியிலோ இருக்கும் வாடகை ரூமைத் திறக்கும்போது மணி ஏழரை ஆகிவிடுகிறது. நாளைக்கு ரெக்கார்டு நோட்டு வைக்கணும். டெலிவரி ஆப்பைத் திறந்தால் சாப்பாட்டு விலைக்கு மேலே பேக்கிங், டெலிவரி என்று தனித்தனிக் கட்டணம். மாசக் கடைசி வேறு. சரி, இன்னைக்கு சமைச்சிடலாம் என்று குக்கரை ஏற்றினால், ஆறு விசில் வந்த பிறகும் துவரம்பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது.

வீட்டுக்கு போன் போட்டால், "நாலு விசில் போதுமேப்பா" என்கிறார் அம்மா.

அம்மா சொன்னதில் தப்பில்லை. பிள்ளை செஞ்சதிலும் தப்பில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம் தண்ணீர்.

பருப்பு ஏன் வேகவில்லை?

சென்னைப் புறநகரில் பல வீடுகளில் குழாயில் வருவது போர் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது, சோப்பு நுரைக்க மாட்டேங்குது என்றால் அது கடினத் தண்ணீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கரைந்தால்தான் பருப்பு குழையும். கால்சியம் அந்தப் பெக்டினோடு சேர்ந்து அதை இன்னும் இறுக்கிவிடுகிறது. அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் பெரிதாகப் பலன் இருக்காது.

தீர்வு சுலபம். பருப்பு வேகவைக்க மட்டும் குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றுங்க. ரெண்டு டம்ளர்தான் செலவாகும். ரயிலில் இருந்து வந்து கை கால் கழுவும் முன்னாடியே பருப்பை ஊறப் போட்டுட்டா, அரை மணி நேரத்தில் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. சீக்கிரம் முடியட்டும் என்று பருப்போடு தக்காளியையும் புளியையும் ஒண்ணாப் போடுவது. புளிப்பும் பெக்டினைக் கரைய விடாது. அதனால்தான் வீட்டில் பருப்பு வெந்த பிறகு புளி கரைத்து ஊற்றுகிறார்கள். தக்காளியைச் சேர்த்தே ஆகணும் என்றால், பருப்பில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்க. இது எல்லாம் செஞ்சும் வேகலை என்றால், பருப்பு ரொம்பப் பழசாக இருக்கலாம்.

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கும் முன்

ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கரை இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். அடுப்பு ரிப்பேர் இல்லை. இந்த அடுப்பு தானாகச் சூடாவதில்லை. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது, அந்தப் புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தை ஏற்படுத்தி பாத்திரத்தையே சூடாக்குகிறது. அதற்கு அடிப்பாகம் காந்தம் ஒட்டும் உலோகமாக இருக்கணும். பாத்திரக் கடைக்குப் போகும்போது பையில் ஒரு சின்ன காந்தம் இருந்தால் போதும். அடியில் ஒட்டினால் வாங்கலாம்.

அதைவிட முக்கியமானது பிளக் பாயிண்ட். 1,800 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஓடினால் கிட்டத்தட்ட 8 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். ரூமில் செல்போன் சார்ஜ் போடும் சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, அடுப்பையும் லேப்டாப்பையும் ஒண்ணா ஓட்டுவதால்தான் பிளக் உருகி வாடை வருகிறது. ஏசி, கீசருக்கான பெரிய 16 ஆம்பியர் பாயிண்டில் நேரடியாகச் சொருக வேண்டும். அது இல்லாத ரூமில், குறைந்த வாட்டில் ஓடும் சின்ன ரைஸ் குக்கர்தான் நல்லது. (சமைக்கவே கூடாது என்று விதி இருக்கும் ஹாஸ்டலில் கட்டிலுக்கு அடியில் அடுப்பை ஒளித்துவைப்பது பற்றி இங்கே பேசவில்லை. அது ஆபத்து.)

கரண்ட் செலவு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. 1,800 வாட் அடுப்பு 20 நிமிஷம் முழு வேகத்தில் ஓடினால் 0.6 யூனிட். ஆனால் ஒரு விஷயம்: தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், வீட்டு ஓனர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் ரூம்களில் அந்தக் கணக்கு உங்க கைக்கு வராமல் போகலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுடுங்க.

கேஸ்தான் வேணும் என்பவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. இதற்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாளச் சான்று இருந்தால் போதும். தெருவோரக் கடையில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதற்கு ஏற்றித் தருவதை மட்டும் வாங்கவே வாங்காதீங்க. அது சட்டவிரோதம், வெடிக்கவும் வாய்ப்பிருக்கிறது.

ஒரே குக்கரில் முழுச் சாப்பாடு

சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் சுமார் 120 டிகிரி வரை போகிறது. அந்த 20 டிகிரிதான் ஒரு மணி நேர வேலையைக் கால் மணி நேரமாக்குகிறது.

அடியில் ரெண்டு டம்ளர் தண்ணீர் (இதற்கு போர் தண்ணீரே போதும்). அதற்கு மேல் கீழ் அடுக்கில் பருப்பு, மேல் அடுக்கில் அரிசி. ரெண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் பருப்பு தாராளம். புழுங்கல் அரிசி என்றால் அரை மணி நேரம் ஊறவைத்து ஒண்ணுக்கு மூணு தண்ணீர், பச்சரிசிக்கு ஒண்ணுக்கு ரெண்டு. முதல் விசில் வந்ததும் அடுப்பின் வேகத்தைக் குறைத்துவிட்டு ரெக்கார்டு நோட்டை எடுக்கலாம். பசி எவ்வளவு இருந்தாலும் அழுத்தம் தானாக இறங்கும் வரை மூடியைத் திறக்கக் கூடாது.

அந்த இடைவெளியில் ரசம். மிக்சி தேவையில்லை. மிளகு, சீரகம், நாலு பல் பூண்டு, இது மூணையும் டம்ளரின் அடிப்பாகத்தால் நசுக்கினாலே போதும். தக்காளியைக் கையால் பிசைந்து, புளித் தண்ணீர், மஞ்சள், உப்பு, பெருங்காயம் சேர்த்து அடுப்பில் வைத்து, ஓரத்தில் நுரை கட்டி மேலே வரும்போது இறக்கிடணும். தளதளவென்று கொதிக்க விட்டால் மிளகு, சீரகத்தின் வாசனை ஆவியோடு போய்விடும். வீட்டில் "ரசத்தைக் கொதிக்க விடாதே" என்று அதட்டுவது இதற்காகத்தான். ஒரு கரண்டி வெந்த பருப்பை அதில் கரைத்துவிட்டால் அதுவே பருப்பு ரசம். மழை பெய்யும் நவம்பர் ராத்திரியில் அதை டம்ளரில் ஊற்றிக் குடிக்கும்போது பக்கத்து ரூம்காரன் எட்டிப் பார்ப்பான். அவனுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைக்கணும், ஏன்னா பெருங்காய டப்பா அவனோடது.

கூட ஒரு முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ரூம் சமையலில் இவ்வளவு குறைந்த வேலைக்கு இவ்வளவு சத்து தருவது வேறெதுவும் கிடையாது.

மீந்த சோறு: இங்கேதான் கவனம்

பலரும் அலட்சியமாக விடுவது இந்த இடம். ராத்திரி எட்டு மணிக்கு வடித்த சோற்றைக் குக்கரிலேயே மூடிவைத்துவிட்டு, காலையில் சூடு பண்ணி லெமன் சாதம் கிளறுவது. "சூடு பண்ணிட்டா கிருமி செத்துடும்ல?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

சோற்று விஷயத்தில் அப்படி இல்லை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதிக்கவைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சை மறுபடி சூடு பண்ணினாலும் அழிக்க முடியாது. சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வரும். பரீட்சை அன்று காலையில் வந்தால் "பயத்துல வாந்தி" என்று நினைத்துக்கொள்வார்கள்.

சமைத்த உணவை ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதனால் சாப்பிட்டு முடித்த கையோடு மீந்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் காலி பண்ணிடணும்.

ஃபிரிட்ஜ் இல்லையே, என்ன செய்வது?

அதற்குத்தான் பழைய சோறு. ஆறிய சோற்றில் அது மூழ்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி வைத்தால், ராத்திரி முழுக்க லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிப்பு ஏறுகிறது. அந்தப் புளிப்பில் மற்ற கிருமிகள் வளர்வது கஷ்டம். ஆனால் பாத்திரம் சுத்தமாக இருக்கணும், சோறு ஆறின உடனே தண்ணீர் ஊற்றணும். பாதி ராத்திரி வரை வெளியே கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால் ஏற்கெனவே உண்டான நச்சு போகாது. காலையில் வாடை மாறியிருந்தாலோ, பிசுபிசு என்று நூல் மாதிரி இழுத்தாலோ யோசிக்காமல் கொட்டிடுங்க.

சரியாக வந்திருந்தால், உப்புப் போட்டுப் பிசைந்து கொஞ்சம் மோர் ஊற்றி, ரெண்டு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். அடுப்புப் பற்றவைக்க வேண்டாம், ஆப்பைத் திறக்க வேண்டாம். சாப்பிட்டு எழுந்து 7.40 ரயிலைப் பிடிக்க நேரம் இருக்கும். சமைத்தவர் பாத்திரம் கழுவக் கூடாது என்பது பெரும்பாலான ரூம்களில் எழுதப்படாத சட்டம் என்பதால், அந்தக் குண்டானை யார் கழுவுவது என்ற பஞ்சாயத்தை மட்டும் முதல் நாள் ராத்திரியே முடித்துவிடுவது நல்லது.