ஒரிஜினல் மாதிரியே

மெல்லிசைக் கச்சேரியில் பாடுகிறவர்களுக்கு ஒரு பாராட்டுதான் பெரிது. "ஒரிஜினல் மாதிரியே இருந்துச்சும்மா." கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகிற வழியில் யாராவது மேடை ஓரமாக நின்று அதைச் சொல்லிவிட்டால், அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். இருபத்திரண்டு வருடம் அந்தச் சொல்லுக்காகப் பாடினேன். ஜானகியம்மா எங்கே மூச்சு எடுத்தார்களோ அங்கேதான் நானும் எடுப்பேன். அவர்கள் ஓர் எழுத்தை இழைத்திருந்தால் நானும் அதே நீளத்துக்கு இழைப்பேன். கேசட்டை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு, பாட்டு நோட்டில் மூச்செடுக்கும் இடங்களைச் சிவப்பு மையால் குறித்துவைப்பேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்த அண்ணன் ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் ஒரு சிடியைக் கையில் கொடுத்தார். அவருடைய தம்பி கப்பலில் வேலை பார்த்தவர். போகிற ஊரிலெல்லாம் சிடி வாங்கி வருவார். "இந்தம்மா பேரு ஆபி லிங்கன், ஜாஸ் பாடகி. இதுல சிலது அவங்களே எழுதினது, சிலது ஊரே பாடின பழைய பாட்டு. அட்டையைப் பாக்காம எது எதுன்னு சொல்லு பாப்போம்" என்றார்.

பத்து நாள் கேட்டேன். சொல்ல முடியவில்லை. இங்கிலீஷ் வார்த்தை பாதிதான் பிடிபட்டது, அதனால் என்று முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது. அடுத்தவர் பாட்டைப் பாடும்போது என் குரலில் ஒரு பணிவு வந்துவிடும். இன்னொருவர் வீட்டுப் பாத்திரத்தைக் கையாளுகிற மாதிரி. இந்தப் பெண்ணின் குரலில் எந்தப் பாட்டிலும் அது இல்லை. எல்லாவற்றையும் தன் வீட்டு அடுக்களையில் நின்று பாடுகிறார்.

அந்தச் சிடி 'யூ காட்டா பே தி பேண்ட்', 1991-ல் வந்தது. அதற்குப் பிறகு அவருடைய ஆல்பங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்டேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், பழைய பாட்டு என்று அண்ணன் சொன்னது எது? ஜாஸ்காரர்கள் அதை 'ஸ்டாண்டர்ட்' என்பார்கள். பெரும்பாலும் 1920-களிலிருந்து 1950-கள் வரை பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டவை. ஜார்ஜ் கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், ஜெரோம் கெர்ன், இர்விங் பெர்லின் போன்றவர்கள் எழுதினார்கள். பல நாடகங்கள் மறந்துபோயின, பாட்டு நின்றது. வழக்கமான அளவு 32 'பார்', அதாவது 32 தாள ஆவர்த்தனம். எட்டு எட்டாக நான்கு துண்டு: ஒரு மெட்டு, மறுபடி அதே மெட்டு, பிறகு வேறு பக்கம் போய் வருகிற 'பிரிட்ஜ்', கடைசியில் முதல் மெட்டு. இந்தக் கட்டுமானம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், முன்பின் பார்த்திராத ஐந்து பேர் மேடையேறி, பாட்டின் பேரையும் ஸ்கேலையும் மட்டும் சொல்லிக்கொண்டு வாசிக்க ஆரம்பிக்கலாம். பாடகர் ஒரு சுற்றுப் பாடுவார். வாத்தியக்காரர்கள் அதே 32 பாரின் மேல் ஆளுக்கொரு சுற்றாகக் கற்பனை செய்வார்கள். பாடகர் திரும்பி வந்து முடிப்பார்.

அங்கே ஒரிஜினல் மாதிரியே பாடுவது பெருமை இல்லை. பில்லி ஹாலிடே பாடியதை அப்படியே பாடினால், அதற்குப் பில்லி ஹாலிடேயையே கேட்டுக்கொள்ளலாமே என்பார்கள். நான் தொழிலாகக் கற்றுக்கொண்டதற்கு நேர் எதிர்.

ஆபி லிங்கன் 1930 ஆகஸ்ட் 6 அன்று சிகாகோவில் பிறந்தார். அப்பா அம்மா வைத்த பேர் ஆனா மேரி வுல்ட்ரிஜ். பன்னிரண்டு பிள்ளைகளில் பத்தாவது. மிச்சிகனில் ஒரு கிராமத்துப் பண்ணை வீட்டில் வளர்ந்தார். வீட்டில் ஒரு பியானோ இருந்தது. யாரும் சொல்லித்தராமலே தடவித் தடவி மெட்டுக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த பெண். பதின்வயதில் கையால் சுற்றுகிற விக்ட்ரோலாப் பெட்டியில் பில்லி ஹாலிடேயின் குரலும் கோல்மன் ஹாக்கின்ஸின் சாக்ஸபோனும் கேட்டது. அந்த ஹாக்கின்ஸ் பின்னாளில் இவருக்காகவே வாசித்தார்.

1950-களில் ஹொனலூலு, லாஸ் ஏஞ்சலஸ் கிளப்புகளில் பாடியபோது பேர் மாறிக்கொண்டே இருந்தது. கேபி லீ என்று ஒரு காலம். மேனேஜராக இருந்த பாடலாசிரியர் பாப் ரஸ்ஸல்தான் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியையும் ஆபிரகாம் லிங்கனையும் சேர்த்து இந்தப் பேரை வைத்தார். 1956-ல் 'தி கேர்ள் காண்ட் ஹெல்ப் இட்' படத்தில் ஒரு பாட்டு பாடினார். அதில் அவர் உடுத்தியிருந்தது மர்லின் மன்றோ 'ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்' படத்தில் உடுத்திய அதே உடை. மன்றோவின் உடை, மேனேஜர் வைத்த பேர், அடுத்தவர் எழுதிய காதல் பாட்டு. முதல் ஆல்பமும் ஒரு பெண்ணின் காதல் கதை என்ற தலைப்போடுதான் வந்தது. மேடையில் என்ன உடுத்த வேண்டும் என்று பிறர் முடிவுசெய்கிற தொழிலில் நானும் இருந்தவள். இந்தக் கட்டத்தைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. பிறகு அந்த உடையை எரித்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

பின்னாளில் கணவரான டிரம்ஸ் கலைஞர் மாக்ஸ் ரோச்சின் நட்பு அவரை வேறு பக்கம் திருப்பியது. ரிவர்சைட் கம்பெனிக்கு 1957 முதல் 1959 வரை மூன்று ஆல்பம். மூன்றாவதான 'ஆபி இஸ் ப்ளூ'வில் ஸ்டாண்டர்டுகளுக்கு நடுவே 'லெட் அப்' என்று அவரே எழுதிய ஒரு பாட்டு தலைகாட்டுகிறது.

1960-ல் ரோச்சின் 'வீ இன்சிஸ்ட்!' வந்தது. கறுப்பு மாணவர்கள் வெள்ளைக்காரருக்கு மட்டும் என்றிருந்த ஹோட்டல் கவுண்டர்களில் உட்கார்ந்து போராடிய வருடம் அது. அட்டைப்படமே ஒரு கவுண்டர்தான். அதில் 'டிரைவா மேன்' என்ற பாட்டு அடிமைகளை விரட்டி வேலை வாங்கிய கங்காணியைப் பற்றியது. ஐந்து எண்ணிக்கைத் தாளம். ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடி சாட்டை மாதிரி விழும். ஆபி அதை அழகுபடுத்தாமல், கல் உடைக்கிற குரலில் பாடுகிறார். தொடர்ந்து ஹாக்கின்ஸின் சாக்ஸபோன். வாசிக்கும்போது ஓர் இடத்தில் ரீட் கீச்சென்று பிசிறிவிட்டது. வெட்டி ஒட்டிவிடலாம் என்று பேச்சு வந்தபோது ஹாக்கின்ஸ் கூடாது என்று தடுத்துவிட்டார். இப்படிப்பட்ட ஒரு பாட்டில் எல்லாம் சுத்தமாக இருந்தால்தான் தப்பு என்பது அவர் கட்சி. இன்றும் அந்தப் பிசிறு ஆல்பத்தில் இருக்கிறது. 'டிரிப்டிக்' என்ற பகுதியில் சொல்லே கிடையாது. ரோச்சின் டிரம்ஸ், ஆபியின் குரல், அவ்வளவுதான். நடுவில் ஒரு நிமிடத்துக்கும் மேல் அலறுகிறார். முதல் தடவை கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

அடுத்த வருடம், 1961 பிப்ரவரியில், தன் பேரில் 'ஸ்ட்ரெய்ட் அஹெட்' பதிவு செய்தார். ஹாக்கின்ஸ், எரிக் டால்ஃபி, புக்கர் லிட்டில், மால் வால்ட்ரன், ரோச் என்று சுற்றிலும் மலைகள். இதில் 'லெஃப்ட் அலோன்' என்ற பாட்டு பில்லி ஹாலிடே வார்த்தை எழுதி, அவருக்குப் பியானோ வாசித்த வால்ட்ரன் மெட்டமைத்தது. அதைப் பதிவு செய்யாமலே ஹாலிடே 1959-ல் இறந்துபோனார். ஒரிஜினலே இல்லாத பாட்டு! யாரையும் பார்த்துப் பாட வழியில்லை. அதை ஆபி பாட, வால்ட்ரனே பியானோ வாசிக்கிறார்.

அதே ஆல்பத்தில் 'ப்ளூ மங்க்' இருக்கிறது. தெலோனியஸ் மங்க்கின் வாத்திய மெட்டு அது. அவர் சம்மதத்தோடு ஆபி அதற்கு வார்த்தை எழுதினார். பதிவுக்கு மங்க் நேரில் வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். கிளம்பும் முன் ஆபியின் காதருகே வந்து, இவ்வளவு கச்சிதமாக இருக்காதே என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொன்னாராம். ஆபிக்கு அது விளங்கவில்லை. எட்டாத ஒன்றுக்குக் கையை நீட்டிப் பார், தப்பினாலும் பரவாயில்லை என்கிறார் என்று ரோச்தான் விளக்கினார்.

எனக்கு இதை யாராவது இருபத்தைந்து வயதில் சொல்லியிருந்தால்!

அந்த ஆல்பத்துக்கு 'டவுன்பீட்' பத்திரிகையில் கடுமையான விமர்சனம் வந்தது. நீக்ரோ என்பதையே தொழிலாக்கிக்கொண்டவர் என்று எழுதினார் விமர்சகர். 1962-ல் அதே பத்திரிகை கூட்டிய விவாதத்தில் ஆபி அவர் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னார். ஆனாலும் 1961-க்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அவர் பேரில் ஆல்பம் இல்லை. ஒரு பாடகிக்கு முப்பதிலிருந்து நாற்பத்திரண்டு வரை என்பது தொண்டை பழுத்து நிற்கிற காலம். அது போனது. 'நத்திங் பட் எ மேன்', சிட்னி பாய்ட்டியருடன் 'ஃபார் லவ் ஆஃப் ஐவி' ஆகிய படங்களில் நடித்தார். ரோச்சுடனான திருமணம் 1970-ல் முறிந்தது. ஆப்பிரிக்கப் பயணத்தில் கினியிலும் ஜயரிலும் அமினாட்டா, மொசேகா என்று இரண்டு பேர் கொடுத்தார்கள். சொந்தமாகப் பாட்டு எழுதுவது இந்த வருடங்களில்தான் ஊற்றெடுத்தது. 1973-ல் டோக்கியோவில் 'பீப்பிள் இன் மீ' பதிவானது.

பிரெஞ்சுக்காரரான தயாரிப்பாளர் ஜான் ஃபிலிப் அலார் அவரை வெர்வ் கம்பெனிக்குக் கூட்டிவந்தபோது ஆபிக்கு அறுபதை நெருங்குகிற வயது. 1990-ல் 'தி வேர்ல்ட் இஸ் ஃபாலிங் டவுன்', அடுத்த வருடம் என் கைக்கு வந்த அந்தச் சிடி. பிறகு 2007 வரை ஏறக்குறைய நிற்காமல் வந்துகொண்டே இருந்தன. பெரும்பாலானவற்றில் ஒரே வழக்கம்: நாலு பாட்டு தன்னுடையது, பக்கத்திலேயே நாலு பாட்டு பழையது. பிரித்துவைக்க மாட்டார்.

'யூ காட்டா பே தி பேண்ட்'டில் 'பிரதர், கேன் யூ ஸ்பேர் எ டைம்' இருக்கிறது. 1932-ல், அமெரிக்காவில் வேலையில்லாமல் ஜனங்கள் ரொட்டிக்கு வரிசை நின்ற நாட்களில், யிப் ஹார்பர்க் எழுதி ஜே கார்னி மெட்டமைத்தது. ரயில்பாதை போட்டவன், கட்டடம் எழுப்பியவன், போருக்குப் போனவன் இப்போது தெருவில் நின்று பத்து சென்ட் கேட்கிறான். ஆபி அதைப் பிச்சைக் குரலில் பாடவில்லை. கணக்குக் கேட்கிற குரல் அது. செய்த வேலை கண்ணெதிரே நிற்கிறது, கூலி எங்கே?

அதே ஆல்பத்தில் அவர் எழுதிய தலைப்புப் பாட்டு வாத்தியக்காரருக்குக் காசு கொடுத்தாக வேண்டும் என்கிறது. வெளிப்பார்வைக்கு விளையாட்டுப் பாட்டு. 1932-ன் பாட்டையும் இதையும் ஒரே மூச்சில் கேட்டால்தான் இரண்டும் ஒரே பேச்சு என்று தெரியும். நாலு மணி நேரம் பாடிவிட்டு, மீதிப் பணத்துக்காக விடிகாலை வரை மண்டப வாசலில் காத்திருந்து, வெறும் அட்வான்ஸோடு வேன் ஏறிய இரவு எனக்கு உண்டு. டோலக் வாசித்த பையன் வழியெல்லாம் பேசவே இல்லை. இந்தப் பாட்டைக் கேட்கும்போது அவன் முகம்தான் வரும்.

இதில் டெனர் சாக்ஸபோன் ஸ்டான் கெட்ஸ். 1991 பிப்ரவரியில் பதிவு; புற்றுநோய் முற்றியிருந்த கெட்ஸ் அந்த ஜூன் மாதமே இறந்துவிட்டார். பியானோ ஹேங்க் ஜோன்ஸ், பாஸ் சார்லி ஹேடன். வயோலா வாசித்தவர் மாக்ஸ் ரோச்சின் மகள் மாக்சீன். 'பேர்ட் அலோன்' ஆபியின் சொந்தப் பாட்டு, தனியே பறக்கிற ஒரு பறவையைப் பற்றியது. ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டால் அவர் தாளத்துக்குப் பின்னால் நடப்பது தெரியும். அடி விழுந்த பிறகு, அரை மனதோடு வருகிற மாதிரி, சொல் வந்து சேரும். கடைசி மெய்யெழுத்தை விழுங்குவதே இல்லை. கதவைச் சாத்துவது போல நறுக்கென்று முடிக்கிறார். சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே தொட்டு மேலே ஏறுகிற இடங்கள் உண்டு. எங்கள் குழுவாக இருந்தால் மானிட்டர் பக்கம் கைகாட்டியிருப்பார்கள். அவர் விட்ட இடைவெளிக்குள் கெட்ஸ் மெதுவாக ஊதுகிறார். ஆறுதல் சொல்கிற தொனி இல்லை; பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தொனி.

காலம் போகப் போக ஆபியின் பாட்டையே மற்றவர்கள் எடுக்க ஆரம்பித்தார்கள். கசாண்ட்ரா வில்சன் 2003-ல் 'த்ரோ இட் அவே'யைப் பாடினார், தன் போக்கில்தான். அதாவது அது ஸ்டாண்டர்ட் ஆகிவிட்டது.

2007-ல் வந்த கடைசி ஆல்பத்தின் பேர் 'ஆபி சிங்ஸ் ஆபி'. முன்பு பாடிய தன் பாட்டுகளை மறுபடி பாடினார். ஜாஸ் பியானோவை எடுத்துவிட்டு, பெடல் ஸ்டீல் கிட்டார், அக்கார்டியன், செல்லோ என்று நாட்டுப்புற வாசனையோடு ஒரு குழு. 2010 ஆகஸ்ட் 14 அன்று நியூயார்க்கில் இறந்தார். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு 'ப்ளூ மங்க்'.

இரண்டு 'ப்ளூ மங்க்'கையும் பழைய நோட்டில் குறித்திருக்கிறேன். 1961-க்குச் சிவப்பு மை, 2007-க்கு நீலம். மூச்செடுக்கும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது மிகக் குறைவு. நீலக் குறி பெரும்பாலும் சிவப்புக்கு முன்பே விழுகிறது. எழுபத்தாறு வயதில் மூச்சு சீக்கிரம் தீருமே. தீர்ந்த இடத்தில் அவர் அதை மறைக்கவில்லை. சொல்லை அங்கேயே நிறுத்துகிறார். கிட்டார் ஒரு சின்ன இழுப்பு இழுக்கிறது. பிறகு அடுத்த சொல், இன்னும் கொஞ்சம் கீழிருந்து, கரகரத்துக்கொண்டு வருகிறது.