தமிழ் விவிலியத்தில் நரகமும் பாதாளமும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ‘கெகென்னா’ தண்டனைத் தீயையும் ‘ஹேடீஸ்’ இறந்தோர் உலகையும் குறிக்கும். 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டையும் பெரும்பாலும் ஒரே சொல்லால் பெயர்த்தது. 1871இல் வெளிவந்த தமிழ் மொழிபெயர்ப்போ முன்னதை ‘நரகம்’ என்றும் பின்னதைப் ‘பாதாளம்’ என்றும் பிரித்தது. மூலத்திற்கு இதுவே நெருக்கமானது. பழைய ஏற்பாட்டின் ‘ஷியோலு’ம் பெரும்பாலும் பாதாளமே ஆயிற்று.

இதன் விளைவை 139ஆம் சங்கீதத்தில் காணலாம். இறைவனுக்கு மறைந்து செல்ல இடமில்லை எனப் பாடும் பகுதியில், இறைவன் நரகத்திலும் உடனிருப்பதாகவே ஆங்கில வாசகர் கொள்வர். தமிழ் வாசகருக்கு அவ்வுறுதி பாதாளத்தோடு நின்றுவிடுகிறது.

‘நரகம்’ என்பதிலும் சிக்கல் உண்டு. சைவ, சமண மரபுகளில் அது வினை கழியும்வரை துய்க்கும் இடம்; மீட்சி அச்சொல்லிலேயே உள்ளடங்கியது. முடிவின்மையை ‘நித்திய’ என்னும் அடையே சுமக்கிறது.