லாக் கோப்புகளும் அவற்றின் சுழற்சியும்

சொந்தமாகச் சர்வர் நடத்துவோர், ஒருநாள் அதன் வட்டு நிரம்பித் தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றுவிடக் கண்டு திகைப்பதுண்டு. பலமுறை இதற்குக் காரணம் லாக் கோப்புகளே. சர்வருக்கு வரும் வேண்டுகோள்களும் நிகழும் பிழைகளும் இவற்றில் வரிவரியாகப் பதிவாகின்றன. வரிக்கு 200 பைட், நொடிக்கு 50 வரி எனக் கொள்வோமாயின், ஒரே நாளில் 86 கோடி பைட்டுக்கு மேல் சேர்ந்துவிடும்.

கோப்பை அழித்துவிட்டால் போதாதோ எனில், போதாது. லினக்ஸ் முறையில், ஒரு நிரல் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை, அதன் பெயர் நீங்கினாலும் இடம் விடுபடுவதில்லை.

ஆகவே சுழற்சி முறை வேண்டும். லாக்ரொடேட் என்னும் கருவி, குறித்த காலத்தில் பழைய கோப்பின் பெயரை மாற்றிப் புதியதொன்றைத் தோற்றுவிக்கும். பழையவற்றைச் சுருக்கி வைக்கும். விதித்த எண்ணிக்கையை மிஞ்சியவற்றை நீக்கும். புதிய கோப்பைத் திறக்குமாறு நிரலுக்குச் சைகை அனுப்பவும் ஏற்பாடு செய்தல் வேண்டும். இன்றேல் அது பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

எத்தனை நாள் காப்பது? பல லினக்ஸ் வெளியீடுகளின் பொது அமைப்பு, வாரம் ஒன்றாக 4 பழைய கோப்புகளையே வைத்திருக்கும். ஆனால் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த ஆணை, சேவை நிறுவனங்கள், கூட்டுநிறுவனங்கள், அரசு அமைப்புகள் ஆகியவை 180 நாட்களின் லாக் பதிவுகளைப் பாதுகாத்தல் வேண்டும் என்கிறது. நாள்தோறும் சுழற்றுவோர் எண்ணிக்கையை 180க்குக் குறையாமல் அமைத்தல் அவசியம். அத்துமீறல் நேர்ந்து பல மாதம் கழித்தே அது தெரியவரக்கூடும். அன்று சான்று கூறவல்லது இப்பதிவே ஆகும்.