வயிற்றுச் சீழும் மருந்துத் தேர்வும்

குடல்வால் வெடித்து வயிற்றறையில் சீழ் பரவினால், அங்குப் பெருகுங் கிருமிகள் ஓரினத்தன அல்ல. காற்று இருப்பினும் இல்லையெனினும் வாழவல்ல ஈ. கோலியும், காற்றில்லா இடத்திலேயே தழைக்கும் பாக்டிராய்டீசும் கலந்தே நிற்கும். செப்ட்ரியாக்சோனோடு மெட்ரோனிடசோலையும் சேர்த்து மருத்துவர் கொடுப்பது இதனாலேயாம், முன்னது ஈ. கோலியை அடக்கும், பின்னது மற்றதை.

ஆயினும், செப்ட்ரியாக்சோனைச் சிதைக்கும் நொதியை ஆக்கும் ஈ. கோலி வகைகள் இன்று பெருகிவிட்டன. அவற்றை மெரோபெனம் அடக்கும். எனின், எல்லார்க்கும் முதலிலேயே அதனைக் கொடுத்தால் என்ன? கொடுத்தால், அதற்கும் அடங்காத கிருமிகளே எஞ்சிப் பெருகும். அதன்பின் கையிலிருக்கும் மருந்துகள் மிகச் சில. ஆகவே நோயின் கடுமை, நோயாளி அண்மையில் உட்கொண்ட மருந்துகள், அவ்வூர்க் கிருமிகளின் இயல்பு ஆகியவற்றை நோக்கியே தேர்வு செய்தல் வேண்டும்.

எத்தனை நாள் கொடுப்பது? காய்ச்சல் தணிந்து இரண்டு நாள் கழியும்வரை கொடுப்பது பழைய வழக்கம். 2015-இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு ஒன்று, சீழ் முறையாக வடிக்கப்பெற்ற 518 நோயாளரை இரு சாராராகப் பிரித்தது. ஒரு சாரார்க்கு ஏறத்தாழ நான்கு நாள். மற்றையோர்க்குப் பழைய வழக்கப்படி பத்து நாள் வரை. புண்ணில் சீழ், மீண்டும் வயிற்றுத் தொற்று, இறப்பு ஆகிய தீங்குகளுள் ஒன்றேனும் நேர்ந்தது முன்னவருள் 21.8 விழுக்காட்டினர்க்கு, பின்னவருள் 22.3 விழுக்காட்டினர்க்கு. மிகுதி நாட்களால் விளைந்த பயன் இவ்வளவே! சீழ் வடிக்கப்பெறாதார்க்கு மட்டும் இக்கணக்குப் பொருந்தாது.