வீடு அதிர்ந்தது: நிலநடுக்கமா, லாரியா?

2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா சாலைப் பக்கம் சில கட்டடங்களில் இருந்தவர்கள், தரை ஆடுகிறது என்று பயந்து தெருவுக்கு வந்துவிட்டார்கள். தேசிய நில அதிர்வு மையத்தின் கருவிகளிலோ நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை. அப்படியானால் மக்கள் உணர்ந்தது பிரமையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. தரையை ஆட்ட நிலநடுக்கம்தான் வேண்டும் என்பதில்லை.

சும்மா இருக்கும் தரையும் அதிருமா? ஓயாமல் அதிர்கிறது. நம் காலுக்குத்தான் தெரிவதில்லை. நில அதிர்வுமானி (தரையின் நுண்ணிய அசைவையும் பதிவு செய்யும் கருவி) அதை இரவு பகலாகக் குறித்துக்கொண்டே இருக்கிறது. இந்த ஓயாத அசைவைத்தான் பின்னணி இரைச்சல் என்கிறார்கள்.

யார் ஆட்டுவது? முதல் ஆள் கடல். எதிரெதிராக வரும் அலைகள் சந்திக்கும் இடத்தில் கடலடித் தரை அழுத்தப்படுகிறது. அந்த அசைவு நிலத்துக்குள் வெகுதூரம் பரவும். கடலே இல்லாத உள்நாட்டுப் பகுதியில் வைத்த கருவியிலும் இது தெரியும். ஓர் அசைவு முடியவே சில வினாடிகள் ஆகும், அவ்வளவு நிதானம். புயல் நேரத்தில் இது பலமாகும். காற்றில் மரம் ஆடினாலும் வேர் வழியாக மண் அசையும்.

அடுத்த ஆள் நாம். ரயில், லாரி, மோட்டார், தொழிற்சாலை எல்லாம் தரையை வினாடிக்குப் பலமுறை படபடவென்று அசைக்கின்றன.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? அதிர்வெண் (வினாடிக்கு எத்தனை அசைவு என்ற கணக்கு) பாதி விடையைச் சொல்லிவிடும். மீதியைக் கடிகாரம் சொல்லும். மனித இரைச்சல் காலையில் ஏறி, இரவில் இறங்கி, விடுமுறை நாளில் அடங்கும். கடலுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. 2020 ஊரடங்கில் இது பளிச்சென்று தெரிந்தது. பெல்ஜியத்தின் தாமஸ் லெகாக் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் 117 நாடுகளின் 268 நிலையப் பதிவுகளைப் பார்த்தார்கள். மனித இரைச்சல் பாதி வரை குறைந்திருந்தது.

சரி, இதனால் உங்களுக்கு என்ன?

வீடு அதிர்ந்தால், காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி அப்புறம்.

அதிர்வு நின்றபின் கவனியுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வருகிறதா, வண்டி போகும்போது மட்டும் வருகிறதா, உங்கள் கட்டடத்தோடு நின்றுவிடுகிறதா? மனித வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறு பேட்டையில் இருப்பவரும் அதே நிமிடத்தில் உணர்ந்தாரா? நிலநடுக்கமாக இருக்கலாம். வல்லுநர்கள் செய்வதும் ஏறத்தாழ இதுதான்: லாரியின் அதிர்வு பக்கத்துக் கருவியோடு ஓய்ந்துவிடும், நிலநடுக்க அலை பல நிலையங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும்.

கருவி எதையும் தவறவிடாதா? விடும். சந்தைக்கூச்சலில் முணுமுணுப்பு கேட்காததுபோல, நகர இரைச்சலில் மிகச் சிறிய நிலநடுக்கம் அமுங்கிப்போகலாம். அதனால்தான் நிலையங்களைச் சாலை, ரயில் பாதையிலிருந்து தள்ளி, கூடுமானவரை பாறைமேல் அமைக்கிறார்கள்.

இரைச்சல் வெறும் தொல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வீடு கட்டுபவருக்கு அது பெரிய உதவி. ஒவ்வொரு மண்ணுக்கும் அது அதிகமாக ஆடும் ஒரு வேகம் உண்டு. நிலநடுக்கத்துக்குக் காத்திராமல், சாதாரண இரைச்சலைச் சற்று நேரம் பதிவு செய்தே அந்த வேகத்தை மதிப்பிடலாம். அது ஏன் முக்கியம்? 1985 நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரம் சிதைந்ததற்குப் பழைய ஏரிப்படுகையின் களிமண் முக்கியக் காரணம். நிலநடுக்கம் நிகழ்ந்தது தொலைவில், பசிபிக் கரையோரம். ஆனால் அந்தக் களிமண் சுமார் 2 வினாடிக்கு ஒருமுறை ஆட, அதோடு ஒத்து ஆடிய நடுத்தர உயரக் கட்டடங்களே மிகுதியாக விழுந்தன. ஏரியைத் தூர்த்த நிலத்தில் மாடி வீடு கட்டுகிறீர்களா? மண் பரிசோதனையோடு இந்த அளவீட்டையும் செய்ய முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை அதிர்வை உணர்ந்தால், வாட்ஸ்அப்பில் பரப்புவதற்கு முன் தேசிய நில அதிர்வு மையத்தின் இணையதளத்தைப் பாருங்கள்; நீங்கள் உணர்ந்ததை அங்கேயே தெரிவிக்கவும் செய்யலாம்.