வானத்தில் ஆள் தேடிய கம்ப்யூட்டர்கள்: கரண்டு செலவு எவ்வளவு?

அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கு ஒரு பள்ளி நிர்வாகம். அதன் பள்ளிக்கூடங்களில் சுமார் 5 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் இருந்தன.

2009-ம் ஆண்டு ஒரு சங்கதி வெளியாயிற்று. அந்த 5 ஆயிரம் கம்ப்யூட்டர்களும் இரவு பகலாக வேறு ஒரு வேலையையும் பார்த்துக் கொண்டு இருந்தன!

என்ன வேலை?

வானத்தில் வேறு எங்காவது அறிவுள்ள உயிர்கள் இருக்கின்றனவா என்று தேடும் வேலை!

கம்ப்யூட்டர்களைக் கவனித்து வந்த அதிகாரி, 2000-ம் ஆண்டிலேயே அந்தப் புரோகிராமைப் போட்டு வைத்து இருந்தார். மின்சாரம், உதிரி பாகங்கள் எல்லாம் சேர்த்து 10 லட்சம் டாலருக்கு மேல் செலவு ஆகிவிட்டதாக நிர்வாகம் சொன்னது. அதிகாரி வேலையை விட்டு விலகினார்.

10 லட்சம் டாலரா என்று மலைக்கிறீர்களா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

10 லட்சத்தை 5 ஆயிரத்தால் வகுத்தால், ஒரு கம்ப்யூட்டருக்கு 200 டாலர். அதை 9 ஆண்டுகளுக்குப் பிரித்தால், ஆண்டுக்கு 22 டாலர். முழுவதும் மின்சாரத்துக்கே போனது என்று வைத்துக் கொள்வோம். யூனிட் விலை 10 சென்ட் என்றும் வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 220 யூனிட் வருகிறது.

அதாவது, இரவு பகலாக எரியும் ஒரு 25 வாட் பல்பு! ஒரு பல்பு எரிந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 5 ஆயிரம் பல்பு 9 ஆண்டு எரிந்தால்?

ஊர் கூடித் தேர் இழுத்தது

இந்தத் தேடலுக்கு "செட்டி அட் ஹோம்" என்று பெயர். (நம் செட்டியார்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!) அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1999-ம் ஆண்டு மே மாதம் இதைத் தொடங்கியது.

போர்ட்டோ ரிக்கோ தீவில், அரசிபோ என்ற இடத்தில், 305 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய ரேடியோ டெலஸ்கோப் இருந்தது. வானத்தில் இருந்து வரும் ரேடியோ அலைகளை அது பிடித்தது. பிடித்ததை எல்லாம் அலசிப் பார்க்க பெரிய கம்ப்யூட்டர் வேண்டும். அதற்குப் பணம் இல்லை.

விஞ்ஞானிகள் ஒரு யோசனை செய்தார்கள். வேலையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். ஒரு துண்டு என்பது 107 விநாடி நேர அலைப் பதிவு. இன்டர்நெட் மூலம் வீட்டுக்கு ஒரு துண்டை அனுப்பினார்கள். வீட்டுக்காரர் டீ குடிக்கப் போனால், சும்மா நிற்கும் கம்ப்யூட்டர் அந்தத் துண்டை அலசும். விடையைத் திருப்பி அனுப்பும்.

50 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் சேர்ந்தார்கள்!

"சும்மா கிடக்கும் எந்திரம்தானே! இதில் என்ன செலவு?" என்று அப்போது எல்லோரும் நினைத்தார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில், சும்மா நின்றாலும் வேலை செய்தாலும் மின்சாரச் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. டெலிவிஷன் பெட்டி போன்ற பழைய கண்ணாடித் திரைதான் மின்சாரத்தை அதிகம் தின்றது. விவரம் தெரிந்தவர்கள், திரையை அணைத்துவிட்டு கம்ப்யூட்டரை மட்டும் ஓட விட்டார்கள்.

தூங்கக் கற்றுக் கொண்டது

பிறகு நிலைமை மாறியது.

2004-ம் ஆண்டு வாக்கில், வேகமான பென்டியம்-4 சில்லு ஒன்று முழு மூச்சில் ஓடினால் 115 வாட் வரை சூடு தந்தது. அது ஒரு சில்லு அல்ல, சின்ன அடுப்பு! அந்த வழியில் மேலே போக முடியாது என்று இன்டெல் கம்பெனிக்கே தெரிந்துவிட்டது. 2006-ம் ஆண்டு "கோர்-2" என்ற புதிய சில்லை வெளியிட்டது. அதன் அளவு 65 வாட். ஆனால் வேலையோ முன்னதை விட அதிகம்!

இன்னொரு மாற்றமும் வந்தது. புதிய சில்லுகள் வேலை இல்லாதபோது தூங்கக் கற்றுக் கொண்டன. தூங்கும்போது மிகக் குறைந்த மின்சாரமே போதும். இப்போது அதைத் தட்டி எழுப்பி, ஊருக்கு உழைக்கச் சொன்னால், அந்த உழைப்பின் செலவு முழுவதும் மீட்டரில் ஏறும்!

எவ்வளவு ஏறும்? கூடுதலாக 100 வாட் என்று வைத்துக் கொள்ளுங்கள். 10 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரவு பகலாக ஓடினால் நாளைக்கு 2.4 யூனிட். மாதத்துக்கு 72 யூனிட். இது குடும்பத்துக்குத் தெரியாமல் செய்கிற தர்மம் அல்ல! பில் வந்ததும் வீட்டு அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

எது சிக்கனம்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "என் பழைய கம்ப்யூட்டர் 50 வாட்தான் எடுக்கிறது. பக்கத்து வீட்டுப் புதிய கம்ப்யூட்டர் 200 வாட் எடுக்கிறது. ஆகவே என்னுடையதே சிக்கனம்" என்பார்கள்.

அப்படிச் சொல்ல முடியாது. ஒரு வேலைத் துண்டை முடிக்க பழையது 20 மணி நேரம் எடுத்தால், செலவு ஒரு யூனிட். புதியது அதே துண்டை 2 மணி நேரத்தில் முடித்தால், செலவு 0.4 யூனிட்தான். அதிகம் தின்கிற மாடு குறைவாகத் தின்கிற மாட்டை விட லாபமாக இருக்கலாம். கறக்கிற பாலையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்!

பரணில் கிடக்கும் பழைய எந்திரத்தைத் தூசி தட்டி இந்த வேலைக்கு விடுவது, பெரும்பாலும் வீண் செலவு என்பதே என் எண்ணம்.

புதியதையும் முழு வேகத்தில் விரட்ட வேண்டாம். இதற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் உண்டு. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால், சில்லுக்குக் கொடுக்கும் வோல்ட்டேஜையும் குறைக்கலாம். வோல்ட்டேஜ் பாதியானால், அதன் கணக்கில் செலவு பாதி ஆகாது, கால் பங்கு ஆகும்! வேகம், வோல்ட்டேஜ் இரண்டையும் 10 சதவீதம் குறைத்தால், 100 வாட் செலவு சுமார் 73 வாட்டாக இறங்கும். வேலை குறைவது 10 சதவீதம் மட்டுமே. படம் காட்டும் கார்டுகளில் 450 வாட் வரை இழுப்பவை உண்டு. அவற்றுக்கும் இப்படிக் கடிவாளம் போடலாம்.

கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டியும் முக்கியம். மட்டமான பெட்டி 70 சதவீதம்தான் உள்ளே அனுப்புகிறது என்றால், 100 வாட் வேலைக்கு சுவரில் இருந்து 143 வாட் இழுக்கும். மீதி வெறும் சூடு.

சூடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் தின்னும் மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. பனிக்காலத்தில் குளிர் நாட்டுக்காரர்கள் அதில் கை காய்ந்து கொள்ளலாம். நம்மைப் போன்ற வெயில் நாட்டில் அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏ.சி. போட வேண்டும். அதற்கும் கரண்டு!

10 லட்சம் கம்ப்யூட்டர்கள்

இவ்வளவு செலவு செய்து என்ன பயன் என்று கேட்பீர்கள்.

"போல்டிங் அட் ஹோம்" என்று இன்னொரு திட்டம் இருக்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 2000-ம் ஆண்டு பிறந்தது. உடலில் உள்ள புரதங்கள் எப்படி மடிகின்றன, நோய் எப்படி வருகிறது என்று இது ஆராய்கிறது. 2020-ம் ஆண்டு கொரோனா பரவியபோது, வீட்டில் அடைபட்ட மக்கள் இதில் வந்து குவிந்தார்கள். 10 லட்சத்துக்கும் அதிகமான எந்திரங்கள்! கொரோனா கிருமியின் முள் எப்படித் திறக்கிறது என்று அவை கணக்குப் போட்டுக் காட்டின. அன்று உலகில் இருந்த எந்த சூப்பர் கம்ப்யூட்டரையும் அது மிஞ்சியது.

செலவு? எந்திரத்துக்கு 100 வாட் என்று வைத்தால் 100 மெகாவாட். 2022-ம் ஆண்டு அமெரிக்கா அமைத்த "பிரான்டியர்" சூப்பர் கம்ப்யூட்டர், ஏறக்குறைய அதே அளவு வேகத்தை 21 மெகாவாட்டில் எட்டியது. இரண்டையும் அளந்த முறை ஒன்றல்ல. ஆனாலும் ஒரே இடத்தில் கட்டினால் மின்சாரம் குறைவு என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் கொரோனா வந்தபோது பிரான்டியர் இல்லை. வீடுகளில் கம்ப்யூட்டர்கள் இருந்தன.

செட்டி அட் ஹோம், 2020-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதியோடு துண்டு அனுப்புவதை நிறுத்திக் கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி அரசிபோ டெலஸ்கோப் இடிந்து விழுந்தது. வேற்று உலகத்தாரிடம் இருந்து இதுவரை ஒரு வார்த்தையும் வரவில்லை.